உடன்பிறந்தவர்கள் சேர்ந்து உயர்தரப் பெண்கள் ஆடை லேபிள் (பிராண்ட்) தொடங்க

முதல் வேலை, பொறுப்பை எழுத்தில் பிரிப்பது. பேட்டர்னும் (துணி வெட்டும் அளவு வார்ப்பு) ஃபிட்டிங்கும் ஒருவருக்கு, துணியும் கணக்கும் இன்னொருவருக்கு. அவரவர் பகுதியில் கடைசி முடிவு அவரவருடையதே. ஒருவர் விலகினால் பெயர் யாருக்கு என்பதையும் அப்போதே ஒப்பந்தமாக்குங்கள். ரத்த உறவுதானே என்று தள்ளிப்போடவே கூடாது. டிரேட்மார்க் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும்.

முதல் கலெக்‌ஷனுக்கு 8 முதல் 10 டிசைன் போதும். ஒவ்வொன்றையும் முதலில் காடாத் துணியில் தைத்து, ஆளுக்குப் போட்டு, உட்காரச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். பொம்மையில் அழகாக நிற்கும் அக்குள் வெட்டு ஆளுக்கு இறுக்கிப் பிடிப்பது இங்கேதான் தெரியும்.

பட்டு க்ரேப்பை கிராஸாக, அதாவது இழைக்குக் குறுக்குச் சாய்வாக, வெட்டித் தைத்தால், 24 மணி நேரமாவது தொங்கவிட்ட பிறகே கீழ்விளிம்பை மடியுங்கள். துணி தன் எடையிலேயே நீளும். அவசரப்பட்டால் விளிம்பு ஏறி இறங்கும். மெல்லிய பட்டுக்கு, பிசிறு உள்ளே மறைய இரண்டு முறை தைக்கும் பிரெஞ்சு தையல்தான். 1.5 செ.மீ. தையல் இடம் விட்டு, நல்ல பக்கம் வெளியே இருக்க 7 மி.மீ.யில் ஒரு தையல், 3 மி.மீ. மட்டும் விட்டு நறுக்கித் திருப்பி, 8 மி.மீ.யில் இன்னொன்று. சரியாக நறுக்காவிட்டால் பிசிறு வெளியே தெரியும்.

விலைக்கு: துணி, கூலி, பொத்தான், பேக்கிங் சேர்ந்த செலவை 2 முதல் 2.5 ஆல் பெருக்கினால், கடைகளுக்குக் கொடுக்கும் மொத்த விற்பனை விலை. மறுபடி அதே அளவு பெருக்கினால் சில்லறை விலை. நேரடியாகத்தானே விற்கிறோம் என்று குறைத்துவிட்டால், பிறகு கடைகளுக்குக் கொடுக்கும்போது கையில் ஒன்றும் மிஞ்சாது.