ஊர்ச் சமையலும் உங்கள் உடம்பும்

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணம் போகும் முன்பே, உங்களுக்குச் சலரோகமோ (நீரிழிவு) பிரஷரோ இருந்தால் வீட்டில் சமைப்பவரிடம் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். வந்த பிறகு சொல்லலாம் என்று விட்டால், அதற்குள் அரியதரம், பயத்தம் பணியாரம் என்று இனிப்புப் பலகாரங்கள் ரின் ரின்னாக நிறைந்திருக்கும். இத்தனை நாள் காத்திருந்து சுட்ட கைக்கு முன்னால் வேண்டாம் என்று சொல்வது பெரிய கொடுமை.

போனதும் குசினிக்குள் இறங்குங்கள். சாப்பிட உட்கார்ந்த பிறகு மறுத்தால் அம்மம்மாவின் முகம் வாடிவிடும். அடுப்படியில் கூட நின்றால் மறுக்கவேண்டிய தேவையே குறையும். தேங்காய் துருவிக் கொடுங்கள், பால் பிழியுங்கள். சொதியும் கறியும் இரண்டாம் பாலில்தான் கொதிக்கும், முதற்பால் கடைசியில்தான் சேரும். அதற்கு முன் உங்களுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைத்தால் போதும், மற்றவர்களின் ருசியும் கெடாது. பிட்டுக்கு அரிசிமாவோடு குரக்கன்மா (கேழ்வரகு மா) கலந்து, முருங்கையிலையும் தூவி நீத்துப்பெட்டியில் அவிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் குரக்கன் என்பதற்காக இரண்டு மடங்கு சாப்பிட முடியாது. நார்ச்சத்து கூட இருந்தாலும் அதுவும் மாச்சத்துத்தான்.

கோப்பையில் முதலில் வறை, கீரை, மீன், சோறு கடைசியில். லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாடிய கட்டாகக் காசு கொடுத்து வாங்கும் முருங்கையிலை அங்கே வேலியில் நிற்கிறது. வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி வறை எல்லாம் ஆசை தீரச் சாப்பிடுங்கள். ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மாவில் கூழ் காய்ச்சும் நாளில் கூழே சாப்பாடு. மீன், நண்டு, பயித்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் அதற்குள் இருக்கும்போது பிறகு சோறு எதற்கு? உப்பு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் நான்கும் ஒரே நேரத்தில் வந்தால் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

உண்மையான சோதனை சொந்தக்காரர் வீடுகளில்தான். ஒவ்வொரு வீட்டிலும் சீனி அள்ளிப் போட்ட பால் தேத்தண்ணி, பக்கத்தில் பலகாரத் தட்டு. கேத்தில் அடுப்பில் ஏறும் முன்பே, "மாமி, எனக்குச் சீனி போடாமல் பிளேன் ரீ தாங்கோ" என்று உரிமையோடு கேளுங்கள். பனங்கட்டியைக் கடித்துக் குடிக்கலாமே என்பார்கள், அதுவும் இனிப்புத்தான். பணியாரத்தில் ஒன்றை எடுத்து, ரசித்து, நல்லாயிருக்கு என்று மனதாரச் சொல்லுங்கள். ஒரே நாளில் ஐந்தாறு வீடு ஏறாமல் இரண்டோடு நிறுத்துவது வயிற்றுக்கும் நல்லது, கதைக்கவும் நேரம் கிடைக்கும்.

நல்லூர் முருகன் கோயில் திருவிழாவின் 25 நாளும் பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) சமைக்கமாட்டார்கள். அப்போது அவித்த பயறு, கடலை, பருப்பு கூடச் சேரட்டும், இல்லாவிட்டால் சோறுதான் கூடும்.

இன்சுலின் போடுபவர்கள் அதைக் கைப்பையில் கொண்டுபோங்கள். ஊரில் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், ஆனால் உறையவிடக் கூடாது. கோடையில் ரொறன்ரோவுக்கும் ஊருக்கும் ஒன்பதரை மணிநேர வித்தியாசம். மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது, விரதம் பிடிக்கலாமா, பிடித்தால் மருந்தை என்ன செய்வது என்பதையெல்லாம் புறப்படும் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.