பிடிபட்ட சிப்பாயைத் தேடுவது எப்படி? சிங்கப்பூர் 1942-லிருந்து ஒரு வழி

என் பாட்டியின் அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூருக்குப் போனார். திரும்பவில்லை. அவரைப் பற்றி எங்கள் வீட்டில் மிஞ்சியது இரண்டே பேச்சு. ‘கப்பலோடு போயிட்டார்’ என்பது ஒன்று. ‘பப்பாளித் தீவுல விட்டுட்டாங்க’ என்பது இன்னொன்று. பிந்தியதைப் பாட்டி குழந்தைகளுக்காகக் கட்டிய கதை என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். தேடி முடித்தபோது உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது அந்தப் பப்பாளித் தீவுதான்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து, ஃபாரர் பார்க் மைதானத்தில் 40,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களை வரிசையாக உட்காரவைத்து ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் உங்கள் வீட்டு ஆள் ஒருவரும் இருந்திருக்கலாம் என்றால், இதுவரை எதையும் தேடிப் பார்க்காதவர் என்றால், இந்த வரிசையில் போய்ப் பாருங்கள்.

முதல் படி: வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். ஆவணங்கள் இன்னும் பத்து வருஷம் கழித்தும் அங்கேயே இருக்கும், பெரியவர்கள் இருக்க மாட்டார்கள்.

‘அவர் என்ன ஆனார்?’ என்று கேட்டால் பல வருஷமாகச் சொல்லிப் பழகிய பதில்தான் வரும். அதனால் சின்னச் சின்னதாகக் கேளுங்கள். செய்தியைக் கொண்டுவந்தது தபால்காரரா, கூட இருந்துவிட்டுத் திரும்பிய இன்னொரு சிப்பாயா? தந்தியை யார் படித்துச் சொன்னார்கள்? மணியார்டர் எந்த வருஷம் வரை வந்தது? அதன் பிறகு பென்ஷன் வந்ததா, யார் பேருக்கு வந்தது? கேட்பதை எல்லாம் செல்போனில் பதிவு செய்யுங்கள். ஊர்ப் பெயர்களை அவர்கள் உச்சரித்தபடியே எழுதுங்கள், திருத்தவே திருத்தாதீர்கள். நான் ‘பப்பாளி’யைத் திருத்தாமல் எழுதி வைத்திருந்ததால்தான், ஒரு நாள் வரைபடத்தில் ‘பாப்புவா நியூ கினி’ என்ற எழுத்துகள் கண்ணில் பட்டதும் புரிந்தது. திரும்பி வந்த கூட்டாளி ஒருவர் ‘பாப்புவா’ என்று சொல்லியிருக்கிறார், எங்கள் ஊர்க் காதுக்கு அது பப்பாளியாகக் கேட்டிருக்கிறது.

இரண்டாம் படி: எண்ணைக் கண்டுபிடியுங்கள்

ஒரே பெயரில் நூறு சிப்பாய்கள் இருப்பார்கள், ஆனால் ஒரு பிரிவுக்குள் ஒரு படை எண் ஒருவருக்குத்தான் இருக்கும். டிரங்குப் பெட்டி, பீரோவின் அடித்தட்டு, சாமி அறை எல்லாவற்றையும் பாருங்கள். பழைய பென்ஷன் புத்தகம், ராணுவத்திலிருந்து வந்த தாள், தபால் அட்டை என எதிலும் எண் இருக்கலாம். பதக்கம் இருந்தால் வட்டமானதின் விளிம்பையும் நட்சத்திர வடிவத்தின் பின்பக்கத்தையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். இந்தியப் படையினரின் பதக்கங்களில் எண்ணும் பெயரும் பொறிப்பது வழக்கம். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்து மழுங்கிவிடும்.

எண் கிடைக்காவிட்டாலும் எந்தப் பிரிவு என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ‘பாலம் கட்டுகிற வேலை’ என்று வீட்டில் சொன்னால் மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற பொறியாளர் பிரிவு என்று ஊகிக்கலாம். ‘லாரி ஓட்டினார்’ என்றால் பொருள் கொண்டுசேர்க்கும் சர்வீஸ் கோர், ‘ஆஸ்பத்திரி’ என்றால் மருத்துவப் படை.

மூன்றாம் படி: பெயரை எழுத்தர் எப்படி எழுதியிருப்பார்?

புதியவர்கள் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இதுதான். நம் பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர் பெரும்பாலும் தமிழ் தெரியாதவர். ‘ழ’ வந்தால் ஒருவர் ‘எல்’ போடுவார், இன்னொருவர் ‘இசட்’ போடுவார். ஆறுமுகம், முத்துசாமி போன்ற பெயர்களுக்கு ஐந்தாறு எழுத்துக்கூட்டல் வரும். தோன்றுவதை எல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாகத் தேடுங்கள். தகப்பனார் பெயரின் முதலெழுத்தை ஆரம்பத்தில் விட்டுவிடுங்கள். நம் ஆட்களுக்கு ஒற்றைப் பெயர்தான் என்பதால் அந்தப் பெயரே குடும்பப் பெயருக்கான கட்டத்தில் பதிவாகியிருக்கும்.

மாவட்டப் பெயர்களும் அந்தக் காலத்தவை. வட ஆற்காடு, தென் ஆற்காடு, டிரிச்சினாப்போலி, டின்னவெல்லி என்று பாருங்கள். இன்றைய மாவட்டங்கள் பல அதில் இருக்காது.

நான்காம் படி: போர்க் கல்லறை ஆணையம்

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இரண்டு உலகப் போர்களிலும் இறந்த 17 லட்சம் பேரின் பெயர்களைக் காசில்லாமல் தேடலாம். இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள் சேர்த்தி. பெயரோடு ‘இந்தியப் படை’ என்பதையும் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் ‘இன்னாரின் மகன், இன்ன ஊர்’ என்றே குறிப்பு இருக்கும்.

பெயர் கிடைத்ததும் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அது எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். சிங்கப்பூர் கிராஞ்சியில் இருக்கும் நினைவுச் சின்னத்தில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. கல்லறை எது என்று தெரியாதவர்களுக்கான இடம் அது. அதனால் அங்கே பெயர் இருக்கிறது என்பதற்காக அவர் சிங்கப்பூரிலேயே இறந்தார் என்று முடிவு கட்டக் கூடாது. உடல் எரிக்கப்பட்ட இந்துக்கள், சீக்கியர்கள் பெயர்கள் பெரும்பாலும் தகன நினைவுச் சின்னங்களில் இருக்கும். நியூ கினியில் லே, அதன் பக்கத்துத் தீவான நியூ பிரிட்டனில் பிட்டா பாகா, போர்னியோ பக்கம் லாபுவான் ஆகிய இடங்களிலும் அப்படிச் சின்னங்கள் உண்டு. லே கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் இந்தியர்கள் மலாயாவிலும் ஹாங்காங்கிலும் கைதானவர்கள். பாட்டியின் அண்ணன் பெயர் அந்தத் தோட்டத்துப் பட்டியலில்தான் இருந்தது.

அப்புறம் ஆணையத்தின் அதே இணையப் பக்கத்தில் ஸ்கேன் செய்த பழைய தாள்கள் இருக்கும். அவற்றைக் கட்டாயம் திறந்து பாருங்கள். உடலை வேறோர் இடத்திலிருந்து எடுத்துவந்து புதைத்திருந்தால், முதலில் எங்கே கிடந்தது என்ற விவரம் அந்தத் தாளில் வரைபடக் குறியீட்டோடு இருக்கும். தேதியையும் கவனியுங்கள். சரணடைந்த 1942 பிப்ரவரி 15-ஐயே இறந்த நாளாகக் காட்டியிருந்தால் உடனே நம்பிவிட வேண்டாம். காணாமல் போனவருக்கு எழுத்தர் ஏதோ ஒரு தேதி போட்டாக வேண்டியிருந்தது. சிலருக்கு ‘இந்த நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையில்’ என்று இருக்கும். என்னைக் கேட்டால் அதுவே நேர்மையான பதிவு.

ஐந்தாம் படி: எந்தத் தடத்தில் போனார்?

பிடிபட்டவர்களுக்கு மூன்று தடங்கள் இருந்தன. கேப்டன் மோகன் சிங்கும், 1943 ஜூலையிலிருந்து சுபாஷ் சந்திர போஸும் நடத்திய இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சிலர் சேர்ந்தார்கள். சிலர் சிங்கப்பூர், மலாயா முகாம்களிலேயே இருந்தார்கள். சேர மறுத்த ஆயிரக்கணக்கானோரைக் கப்பலில் ஏற்றித் தீவுகளுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர்கள் சுமை தூக்கினார்கள், பட்டினி கிடந்தார்கள்.

ஐ.என்.ஏ. தடமாக இருந்தால் டெல்லியில் இருக்கும் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தைப் பாருங்கள். அதன் ‘அபிலேக் படல்’ தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். போர் முடிந்து திரும்பியவர்களைப் பிரிட்டிஷார் விசாரித்து, ஐ.என்.ஏ.வில் எவ்வளவு ஈடுபாடு என்பதை வைத்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரித்தார்கள். கறுப்பில் விழுந்தவர்கள் வேலையையும் சம்பள பாக்கியையும் இழந்தார்கள். சில வீடுகளில் இந்தப் பேச்சே எழாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1972-க்குப் பிறகு அவர்களில் பலருக்குத் தியாகி பென்ஷன் கிடைத்தது. அந்த விண்ணப்பத்தின் நகல் வீட்டில் இருந்தால் அதில் முழுக் கதையும் இருக்கும்.

தீவுத் தடத்துக்கு ஆஸ்திரேலியாவில் தேட வேண்டும். 1945-ல் நியூ கினியின் வேவாக், நியூ பிரிட்டனின் ரபோல் பகுதிகளில் இந்தியக் கைதிகளை மீட்டது ஆஸ்திரேலியப் படைதான். ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் அவர்களின் புகைப்படங்கள் இருக்கின்றன. எலும்பும் தோலுமாக நிற்கும் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பது லேசான காரியம் இல்லை, பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ471 என்ற வரிசையில் போர்க்குற்ற வழக்குகள் உள்ளன. சிங்கப்பூரில் 1946 ஜனவரியில் நடந்த முதல் போர்க்குற்ற வழக்கே, பலாவ் தீவுகளுக்குக் கொண்டுபோன இந்தியக் கைதிகளைக் கொடுமைப்படுத்தியது பற்றித்தான்.

‘கப்பலோடு போயிட்டார்’ என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் இருந்தால் அதையும் சரிபாருங்கள். 1943 ஜனவரி 26 அன்று ‘பூயோ மாரு’ என்ற ஜப்பானியக் கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தது. உள்ளே கைதிகள் இருப்பது அதற்குத் தெரியாது. இந்தியர்கள் 195 பேர் இறந்தார்கள். பாட்டியின் அண்ணன் இறந்த வருஷம் 1944 என்பதால் அந்தப் பேச்சைத் தள்ளிவைத்தேன்.

ஆறாம் படி: எழுதிக் கேட்பது

மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், சேப்பர்ஸுக்கு பெங்களூரு என ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் ஆவண அலுவலகம் உண்டு. எண், பெயர், உறவுக்கான சான்று மூன்றையும் வைத்து எழுதுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். முகவரி தெரியவில்லை என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். பழைய தாள்களை அழித்துவிட்டதாகப் பதில் வந்தால், அந்தப் பதிலையும் பத்திரப்படுத்துங்கள்.

லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜப்பானியர் எழுதிய கைதி அட்டைகள் டபிள்யூஓ 345 என்ற வரிசையில் உள்ளன. சுமார் 57,000 அட்டைகள். ஆனால் பெரும்பாலும் பிரிட்டிஷ்காரர்களுடையவை, அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஜெனீவாவின் செஞ்சிலுவை ஆவணக் காப்பகம் வருஷத்தில் சில நாள் மட்டுமே விண்ணப்பம் வாங்கும். கைதிகள் பற்றிய 1929 ஜெனீவா உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்திட்டும் அதை உறுதி செய்யவில்லை. அதனால் ஆசியக் கைதிகள் பட்டியலில் ஓட்டைகள் அதிகம். வட ஆப்பிரிக்காவில் பிடிபட்டு இத்தாலி, ஜெர்மனிக்குப் போனவர் என்றால் ஜெனீவாவில் கிடைக்க வாய்ப்பு கூடுதல்.

கடைசியாக: வீட்டில் சொல்வது

கிடைத்ததைப் போனில் சொல்லாதீர்கள். நேரில் போங்கள். உறுதியானது எது, நாம் ஊகித்தது எது என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். நான் போனபோது பாட்டிக்கு எண்பத்தேழு வயது. அண்ணன் இறந்த நாள் தெரியாததால் ஆடி அமாவாசைக்குத்தான் அவருக்குப் படையல் வைப்பார்கள். தேதியைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அன்னிக்கு என்ன திதி, பாத்துச் சொல்லு’ என்றார். 1944-ம் வருஷத்துப் பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்தோம்.