நூல் என்று சொன்னால் எந்த நூல்?

கொத்தனார் கம்பிக் கடைக்குப் போன் போட்டு, "மூணு நூல் கம்பி இருபது ஏத்துங்க" என்பார். வீடு கட்டுகிறவர் பில்லைப் பார்த்தால் 10 மி.மீ. என்று இருக்கும். மூன்று சொன்னதற்குப் பத்து வந்திருக்கிறதே என்று கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்பதுதான் இந்தச் சொல்லில் அடிக்கடி நடக்கும் குழப்பம்.

கட்டட வேலையில் ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. ஏறக்குறைய 3.2 மி.மீ. மூணு நூல் என்றால் 9.5 மி.மீ. வரும், சந்தையில் அதற்கு நேரான கம்பி 10. நாலு நூலுக்கு 12, அஞ்சு நூலுக்கு 16, ஆறு நூலுக்கு 20. எட்டு மி.மீ. கம்பியை ‘ரெண்டரை நூல்’ என்பார்கள். கணக்குப் போட்டு 12.7 மி.மீ. கம்பி கேட்டால் கடையில் சிரிப்பார்கள். ஒரு படி மாறினாலும் பணம் மாறும்: 10 மி.மீ. கம்பி மீட்டருக்கு 617 கிராம், 12 மி.மீ. 888 கிராம். கம்பி எடைக்கு விற்கிற சரக்கு. பேச்சில் நூல் இருந்துவிட்டுப் போகட்டும், ஆர்டரை எழுதும்போது மி.மீ. போட்டுவிடுங்கள்.

தச்சரிடம் இதே சொல் வேறு மாதிரி காலை வாரும். கதவு லேசாக உரசுகிறது, "ஒரு நூல் எடுத்துவிடுங்க" என்கிறோம். நம் மனதில் அது மயிரிழை. அவருக்கு அது முழுசாக மூன்று மில்லிமீட்டர். சொன்னபடி இழைத்துவிட்டுப் போவார், கதவிடுக்கில் வெளிச்சம் தெரியும். "உரசாத அளவுக்கு இழைச்சா போதும்" என்று சொல்வதுதான் நல்லது. தையல் கடையிலும் "கைக்கு ஒரு நூல் கூட்டுங்க" என்றால் இதே கணக்குதான்.

துணிக்கடைக்கு வந்தால் எண் தலைகீழாகிவிடும். 100-ஆம் நம்பர் நூல் 40-ஆம் நம்பரைவிடத் தடிமன், அதனால் உறுதி என்று நினைத்துக்கொண்டு வேட்டி வாங்குகிறவர்கள் நிறைய. பருத்தி நூலில் எண் ஏற ஏற நூல் மெலிகிறது. 840 கஜம் நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் நம்பர். நாற்பதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கஜம். அப்புறம் 2/80 என்று எழுதியிருந்தால், 80-ஆம் நம்பர் இழை இரண்டைச் சேர்த்து முறுக்கியது என்று பொருள். அதன் தடிமன் நாற்பதுக்குப் பக்கத்தில் வரும். இதைப் படித்துவிட்டு பாலியெஸ்டர் நூலுக்கும் இதே விதியைப் பொருத்திவிடாதீர்கள். அதைப் பெரும்பாலும் டெனியரில் அளப்பார்கள்: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பது. அங்கே எண் கூடினால் தடிமனும் கூடும்.

எழுதுகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள் வேறு. நூல் என்பது படைப்பு, புத்தகம் என்பது கையில் இருக்கும் பொருள். திருக்குறள் ஒரு நூல். என் அலமாரியில் இருக்கும் திருக்குறள், அட்டை கிழிந்த புத்தகம். "நூலுக்கு அட்டை போட்டேன்" என்று எழுதினால் தவறென்று யாரும் அடிக்க வரமாட்டார்கள், ஆனாலும் காதில் உறுத்தும்.

நூற்களா, நூல்களா? நூல்கள்தான். கல், பல், சொல் போலத் தனிக்குறிலை அடுத்து ‘ல்’ வந்தால் கற்கள், பற்கள், சொற்கள் என்று திரியும். நெடிலை அடுத்து வந்தால் திரியாது. கால்களைக் ‘காற்கள்’ என்று யாரும் எழுதுவதில்லையே. நூற்பா, நூற்கடல் போன்றவை இரண்டு சொற்கள் சேர்ந்த தொகைகள். அவற்றைப் பார்த்துத்தான் பலருக்கு நூற்கள் என்று கை போகிறது.

மரபுத்தொடர்களில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘நூல் பிடித்தாற்போல்’ என்றால் கோணாமல் நேராக என்று பொருள். மரத்தின் கோணலைத் தீர்க்கத் தச்சர் பிடிக்கும் நூல் அது. அந்த நூலையும் மனக்கோணல் தீர்க்கும் நூலையும் நன்னூல் ஒரே வெண்பாவில் சேர்த்து வைத்திருக்கிறது. ஒரு துப்பிலிருந்து அடுத்த துப்புக்குப் போவது ‘நூல் பிடித்துப் போவது’. இரண்டையும் கலந்து, "போலீசார் நூல் பிடித்தாற்போல் விசாரித்து" என்று செய்தியில் எழுதினால் யார் எதைப் பிடித்தார்கள் என்றே விளங்காது. ‘நூல் விடுவது’ ஆழம் பார்ப்பது. இளவட்டங்கள் பேச்சில் அது வேறொன்று என்பது உங்களுக்கே தெரியும், அலுவலகக் கடிதத்தில் வேண்டாம். நூல்கோலுக்கும் நூலுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அது ஐரோப்பியரோடு வந்த காய், பெயரும் அவர்கள் கொடுத்ததுதான்.

நூற்பாலையை ‘நூல் + பாலை’ என்று பிரிக்க வேண்டாம், அது நூற்பு + ஆலை. அங்கே துணி நெய்வதும் இல்லை. பஞ்சு உள்ளே போகும், நூல் வெளியே வரும். நெசவு நடப்பது தறியில். திருப்பூரில் பனியன் துணி நெய்கிறார்கள் என்று எழுதுவதும் பிழைதான். பனியன் துணிக்கு நெடுக்கே ஓடும் பாவும் இல்லை, குறுக்கே ஓடும் ஊடையும் இல்லை, நூலை வளையம் வளையமாகக் கோத்துப் பின்னுகிறார்கள். அதனால்தான் அது பின்னலாடை.