செயற்கைக்கோள் ரேடார் கொண்டு எரிமலையின் தரையசைவை அளப்பது எப்படி?

எரிமலையின் அடியில் மாக்மா சேரும்போது மேலுள்ள தரை மெல்ல உப்பும். மாக்மா வெளியேறினாலோ வேறிடம் நகர்ந்தாலோ அமிழும். கண்ணுக்குத் தெரியாத இந்த ஏற்ற இறக்கத்தை, எரிமலையில் ஒரு கருவியையும் நடாமல், விண்ணிலிருந்து சென்டிமீட்டர் அளவில் கணக்கிடும் முறைக்கு இன்சார் என்று பெயர். இதைப் பழகிக்கொள்ள காலபகோஸ் தீவுக்கூட்டத்தின் இசபெலா தீவிலுள்ள சியேரா நெக்ரா எரிமலையைப் பரிந்துரைக்கிறேன். 2005-ஆம் ஆண்டு வெடிப்புக்குப் பின் அதன் கால்டெராவின் (உச்சியிலுள்ள அகன்ற பள்ளத்தின்) தளம் ஏறத்தாழ 6.5 மீட்டர் உயர்ந்து, 2018 ஜூன் 26 அன்று மீண்டும் வெடித்தது. அசைவு பெரியது, கால்டெராவுக்குள் பெரும்பகுதி வெற்றுப் பாறை, தரவுகள் இலவசம் என்பதால் தொடக்கநிலையினருக்கு இதைவிடத் தோதான இடம் அரிது.

அடிப்படை இதுதான்: செயற்கைக்கோள் ஒரே பாதையில் இருவேறு நாட்களில் கடந்து செல்லும்போது, தரையில் பட்டுத் திரும்பும் ரேடார் அலையின் கட்டத்தை (அதாவது அலை தன் ஏற்ற இறக்கச் சுழற்சியில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை) பதிவு செய்கிறது, இரு பதிவுகளின் கட்ட வேறுபாட்டை வரைந்தால் வண்ணப் பட்டைகள் கொண்ட குறுக்கீட்டுப் படம் கிடைக்கிறது. ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் பயன்படுத்தும் அலையின் நீளம் ஏறத்தாழ 5.6 சென்டிமீட்டர். அலை போய்த் திரும்புவதால், ஒரு முழு வண்ணச் சுற்று செயற்கைக்கோளின் பார்வைக்கோட்டில் 2.8 சென்டிமீட்டர் மாற்றத்தைக் குறிக்கும். ஆனால் ரேடார் அளப்பது அலையின் தாமதத்தை மட்டுமே. தரை அசைந்தாலும் தாமதம் மாறும், இடையிலுள்ள காற்றில் ஈரம் கூடினாலும் மாறும். ஆகவே பிற காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்த பின் எஞ்சுவதையே தரையசைவு என்று சொல்ல வேண்டும். இந்தக் கழித்தலில்தான் உழைப்பின் பெரும்பகுதி செலவாகும்.

முதலில் தரவுத் தேர்வு. நாசாவின் எர்த்டேட்டா கணக்கை இலவசமாகத் தொடங்கி, அலாஸ்கா சாட்டிலைட் ஃபெசிலிட்டியின் வெர்டெக்ஸ் தேடுதளத்தில் எரிமலையைச் சுற்றி ஒரு செவ்வகம் வரையுங்கள். ஒரு இணையின் இரு படங்களும் ஒரே பாதை எண்ணைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். சியேரா நெக்ராவுக்கு இறங்குபாதை 128 பொருந்தும் (செயற்கைக்கோள் வடக்கிலிருந்து தெற்கே செல்வது இறங்குபாதை, தெற்கிலிருந்து வடக்கே செல்வது ஏறுபாதை). இறங்குபாதைப் படங்கள் விடியற்காலையிலும் ஏறுபாதைப் படங்கள் மாலையிலும் எடுக்கப்படுகின்றன. நிலநடுக்கோட்டுப் பகுதிகளில் மாலைநேர அயனமண்டலம் (வளிமண்டலத்தின் உயரத்திலுள்ள மின்னேற்ற அடுக்கு) தொல்லை தரக்கூடியது என்பதால், தொடங்குவதற்குக் காலைப் படங்களே நல்லது. செடி கொடி அடர்ந்த எரிமலையாக இருந்தால் 24 சென்டிமீட்டர் அலைநீளம் கொண்ட ஜப்பானின் ஆலோஸ்-2 போன்ற எல்-பட்டை ரேடார் தேவைப்படும். நாசாவும் இஸ்ரோவும் இணைந்து 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்திய நிசார் செயற்கைக்கோளிலும் எல்-பட்டை, எஸ்-பட்டை என இரண்டு ரேடார்கள் உள்ளன.

செயலாக்கத்தை உங்கள் கணினியிலேயே செய்ய ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஸ்நாப் மென்பொருள் உண்டு. பழகும் காலத்தில் அதே அலாஸ்கா தளத்தின் ஹைப்3 சேவைக்கு இணையை அனுப்பிவிடுவதே நேரத்தை மிச்சப்படுத்தும். இரு படங்களையும் நுட்பமாகப் பொருத்துவது, நில உயர மாதிரியைக் கொண்டு மலையின் வடிவத்தால் வரும் கட்டத்தை நீக்குவது, வடிகட்டுவது ஆகியவற்றை அது தானே செய்து தரும். உயர மாதிரியில் உள்ள பிழையைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். செயற்கைக்கோளின் இரு நிலைகளுக்கும் இடையே பார்வைக்கோட்டுக்குக் குறுக்காக 100 மீட்டர் இடைவெளி இருந்தால், 10 மீட்டர் உயரப் பிழை இறுதி முடிவில் 2 மில்லிமீட்டர் அளவே பாதிக்கும்.

படம் கையில் கிடைத்ததும் வண்ணங்களைப் பார்க்கத் தோன்றும்; அதற்கு முன், இரு பதிவுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஒத்திசைவுப் படத்தைத் திறந்து பாருங்கள். 1-க்கு அருகிலுள்ள மதிப்பு நம்பத்தக்கது, 0-வை நெருங்குவது வெறும் இரைச்சல். சியேரா நெக்ராவில் கால்டெராத் தளம் பளிச்சென்று தெரியும். ஈரமும் பசுமையும் மிகுந்த தெற்குச் சரிவு மங்கிக் கிடக்கும். அடுத்து, அசையாதது என்று நம்பத்தக்க ஓரிடத்தை ஒப்பீட்டுப் புள்ளியாகக் குறியுங்கள், ஏனெனில் இன்சார் தருவது எப்போதும் ஒப்பீட்டு அசைவுதான். அந்தமானின் பாரன் தீவு எரிமலையில் இம்முறை கடினமாவதற்கு இதுவும் ஒரு காரணம்: 3 கிலோமீட்டர் அகலமே உள்ள தீவு, சுற்றிலும் கடல், கடல்நீரில் ஒத்திசைவே இருக்காது, அசையாத புள்ளிக்கு எங்கே போவது?

அடுத்தது கட்டத்தை விரித்தல், அதாவது சுற்றிச் சுற்றி வரும் வண்ணங்களைத் தொடர்ச்சியான நீள அளவாக மாற்றுதல். அருகருகே உள்ள இரு படப்புள்ளிகளுக்கிடையே அரைப் பட்டைக்கு மேல், அதாவது 1.4 சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் இந்தக் கணக்கு தவறிவிடும். 80 மீட்டர் படப்புள்ளியில் இது ஒரு கிலோமீட்டருக்கு 17 சென்டிமீட்டர் சரிவு என்ற வரம்பாகிறது. 2018 வெடிப்பின்போது கால்டெரா 8 மீட்டருக்கு மேல் அமிழ்ந்ததால், அந்த நாட்களின் படங்களில் பட்டைகள் எண்ண முடியாதபடி நெருங்கிவிடும். அங்கே படப்புள்ளிகளின் இடப்பெயர்ச்சியை நேரடியாக அளக்கும் முறைக்கு மாறுவதே வழி. கால்டெராவின் தெற்கு விளிம்பை ஒட்டி ஒரு பிளவுக்கோடு ஓடுவதால், அங்கே பட்டைகள் சட்டென்று அறுபட்டால் பிழை என்று எண்ணி வடிகட்டியால் மழுப்பிவிடாதீர்கள். வெடிப்புக்குச் சில மணிநேரம் முன்பு 5.4 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டது அந்தப் பிளவில்தான்.

மிகவும் ஏமாற்றுவது காற்றிலுள்ள நீராவி. மலையடிவாரத்துக்கு மேல் காற்றடுக்கு தடிமனாகவும் உச்சிக்கு மேல் மெல்லியதாகவும் இருப்பதால், இரு நாட்களின் ஈரப்பதம் வேறுபட்டாலே மலையைச் சுற்றி வட்ட வட்டமாகப் பட்டைகள் தோன்றும். எரிமலை உப்பினாலும் ஏறத்தாழ இதே வடிவம்தான். இத்தாலியின் எட்னா எரிமலை அமிழ்ந்ததை விண்ணிலிருந்து அளந்ததாக 1995-இல் வெளியான முன்னோடி ஆய்வின் பட்டைகளில் ஒரு பகுதி காற்றின் விளைவே என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் காட்டின. தேர்ந்தவர்களுக்கே இந்த நிலை என்றால் புதியவர்கள் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்! எளிய சோதனை ஒன்று உண்டு. அடுத்தடுத்த மூன்று தேதிகளை எடுத்து, முதலாவதையும் இரண்டாவதையும் ஒரு இணையாகவும், இரண்டாவதையும் மூன்றாவதையும் மற்றோர் இணையாகவும் ஆராயுங்கள். ஒன்றில் உப்பலாகவும் மற்றொன்றில் அமிழ்வாகவும் அதே வடிவம் தலைகீழாக வந்தால், நடுத் தேதியின் வானிலையைத்தான் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டிலும் ஒரே திசையில் வந்தால் மேற்கொண்டு ஆராயலாம். கட்டத்தையும் நில உயரத்தையும் வரைபடமாக்கி இரண்டும் நேர்கோட்டில் அமைகின்றனவா என்று பார்ப்பதும் உதவும். கேகாஸ் போன்ற வானிலைத் திருத்தங்களையும் போட்டுப் பாருங்கள், ஆனால் அவை சில நாட்களில் நிலைமையை மோசமாக்கவும் கூடும்.

குறியிலும் கவனம் தேவை: செயற்கைக்கோளை நோக்கிய அசைவை ஒரு மென்பொருள் கூட்டல் குறியாலும் மற்றொன்று கழித்தல் குறியாலும் காட்டும். விடை ஏற்கெனவே தெரிந்த காலத்தை, எடுத்துக்காட்டாக 2018 தொடக்கத்தின் ஓர் இணையை, ஓட்டிப் பார்த்தால் ஐயம் தீரும். கால்டெரா செயற்கைக்கோளை நெருங்கியதாகவே வர வேண்டும். பார்வைக்கோடு சாய்ந்திருப்பதால் 39 பாகை சாய்வில் ஒரு பட்டை என்பது 3.6 சென்டிமீட்டர் செங்குத்து உயர்வாகும், அதுவும் பக்கவாட்டு அசைவு இல்லை என்றால்தான். ஏறுபாதையையும் இறங்குபாதையையும் சேர்த்துக் கணக்கிட்டால் செங்குத்து அசைவையும் கிழக்கு மேற்கு அசைவையும் பிரிக்கலாம். சுற்றுப்பாதை துருவங்களை ஒட்டிச் செல்வதால் வடக்கு தெற்கு அசைவு பெரும்பாலும் புலப்படாது.

பல இணைகளைச் சேர்த்துக் காலவரிசை உருவாக்க மின்ட்பை என்ற இலவச மென்பொருள் போதும். அதன் பின் ஆழத்தைக் கணிக்கலாம். ஜப்பானிய அறிஞர் மோகி 1958-இல் வெளியிட்ட மாதிரி, மாக்மா அறையை ஆழத்திலுள்ள ஒரு புள்ளியாகக் கொள்கிறது. அதன்படி, உயர்வு பாதியாகக் குறையும் இடத்துக்கு மையத்திலிருந்து உள்ள தூரத்தை 1.3-ஆல் பெருக்கினால் ஆழம் கிடைக்கும். 3 கிலோமீட்டர் தூரத்தில் பாதியானால் ஆழம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர். அங்கே மையத்தில் 5 சென்டிமீட்டர் உயர்வு இருந்தால் கன அளவின் மாற்றம் சுமார் 33 லட்சம் கனமீட்டர். சியேரா நெக்ராவுக்கு மட்டும் இந்தக் கணக்கைப் போடாதீர்கள்: அங்கே மாக்மா ஏறத்தாழ 2 கிலோமீட்டர் ஆழத்தில் தட்டையான படலமாகப் பரவியிருப்பதால் உயர்வின் உச்சி அகன்று தட்டையாக இருக்கும், மோகி மாதிரியோ உண்மையைவிடக் கூடுதல் ஆழத்தைக் காட்டும். 2018-க்குப் பிந்தைய படங்களில் வடக்குச் சரிவின் புதிய எரிமலைக்குழம்புப் பரப்பு மட்டும் தனியே அமிழ்வதாகத் தெரிந்தால், அந்தப் பகுதியை மறைத்துவிட்டு மாதிரியை ஓட்டுங்கள். குழம்பு குளிர்ந்து சுருங்குவதால் ஏற்படும் அந்த அமிழ்வுக்கும் அடியிலுள்ள மாக்மாவுக்கும் தொடர்பில்லை.