பைசன் இலக்கணக் கோப்பை ஆன்ட்லர் 4-க்கு மாற்றும் முறை

ஒரு மொழியின் இலக்கண விதிகளைக் கொடுத்தால், அம்மொழியின் உள்ளீட்டைப் பகுத்துப் படிக்கும் நிரலை (பார்சர்) உருவாக்கித் தரும் கருவிகளே பைசனும் ஆன்ட்லரும். பைசனுக்காக எழுதிய இலக்கணத்தை ஆன்ட்லர் 4-க்குக் கொண்டுவரும்போது, விதிகளுக்குள் இருக்கும் சி மொழித் துண்டுகளை முதலில் நீக்கிவிட்டு, வெறும் இலக்கணத்தை மட்டும் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். அத்துண்டுகள் செய்த வேலையைப் பின்னர் விசிட்டர் வகுப்பில் (பார்சர் தரும் மரத்தின் கணுக்களை ஒவ்வொன்றாகப் பார்வையிடும் நிரல்) எழுதிக்கொள்ளலாம். விதிப் பெயர்கள் சிறிய எழுத்திலும் டோக்கன் (எண், குறி போன்ற சொற்கூறு) பெயர்கள் பெரிய எழுத்திலும் தொடங்க வேண்டும். ஃபிளெக்ஸ் (உள்ளீட்டை டோக்கன்களாகப் பிரிக்கும் நிரலை உருவாக்கும் கருவி) கோப்பில் இருந்த டோக்கன் வரையறைகளை இதே கோப்பிலேயே சேர்த்துவிடலாம்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது ஆபரேட்டர்களின் முன்னுரிமையில்தான். பைசனில் கீழே அறிவிக்கப்பட்ட ஆபரேட்டருக்கே முன்னுரிமை அதிகம். ஆன்ட்லரிலோ, ஒரே விதிக்குள் மேலே எழுதப்பட்ட தெரிவுக்கே (விதியின் மாற்று வடிவங்களில் ஒன்று) அதிகம். ஆகவே அந்த வரிசையை அப்படியே பிரதியெடுத்தால், பிழைச்செய்தி எதுவும் வராமலேயே 2+3*4 என்பதன் விடை 20 ஆகிவிடும். சத்தமில்லாமல் நுழையும் இத்தகைய பிழையே மிகவும் ஆபத்தானது என்பதால், வரிசையைத் தலைகீழாக்கிய பின் பாகுபாட்டு மரத்தை (உள்ளீடு எந்த விதிகளின்படி பிரிந்தது என்று காட்டும் மரம்) அச்சிட்டுச் சரிபாருங்கள். கூட்டலும் கழித்தலும் சம முன்னுரிமை உடையவை. அவற்றை ஒரே தெரிவில் இணைத்தே எழுத வேண்டும்.

தன் வரையறையின் தொடக்கத்திலேயே (இடப்பக்கத்தில்) தன்னையே நேரடியாக அழைக்கும் விதியை ஆன்ட்லர் 4 ஏற்கும். இரண்டு விதிகள் ஒன்றையொன்று அவ்வாறு அழைத்தால் மறுத்துவிடும், எனவே ஒன்றை மற்றொன்றுக்குள் விரித்து எழுதுங்கள். தொடக்க விதியின் முடிவில் இ.ஓ.எஃப் (உள்ளீட்டின் முடிவைக் குறிக்கும்) டோக்கனைச் சேர்க்காவிட்டால், உள்ளீட்டின் ஒரு பகுதியை மட்டும் படித்துவிட்டுப் பார்சர் நின்றுவிடக்கூடும்.