எபோலாவுக்கு ஆன்டிபாடி டிரிப்: பையை மாட்டும் முன்னும் பின்னும்

காங்கோவின் எபோலா சிகிச்சை மையங்களுக்கு முதல்முறை வேலைக்குப் போகும் நர்ஸ்களுக்காக இதை எழுதுகிறேன். மருந்தோடு வரும் தாளையும் உங்கள் மையத்தின் நடைமுறையையும் படித்துவிடுங்கள், இது அதற்கு மாற்று இல்லை.

எபோலாவுக்கு டிரிப்பாக ஏற்றும் ஆன்டிபாடி (வைரஸை முடக்கும் புரதம்) மருந்துகள் இரண்டு இருக்கின்றன. எபாங்கா ஒரே ஆன்டிபாடி, 1995-இல் கிக்விட் ஊரில் எபோலா வந்து பிழைத்த ஒருவரின் ரத்தத்திலிருந்து பிறந்தது. இன்மாசெப் மூன்று ஆன்டிபாடிகளின் கலவை. 2018 நவம்பரில் காங்கோவில் தொடங்கிய பால்ம் ஆய்வில் இந்த இரண்டில் ஏதாவது ஒன்றைப் பெற்றவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் ஏறக்குறைய 35 சதவீதம், ஒப்பீட்டுக்கு வைத்த பழைய ஆன்டிபாடி மருந்தில் ஏறக்குறைய 50 சதவீதம். அறிகுறி தொடங்கி எத்தனை நாள் கழித்து வருகிறாரோ அந்த அளவுக்குப் பிழைக்கும் வாய்ப்பு குறைந்தது, அதனால் பிசிஆர் (உடலில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) முடிவு வந்ததும் தாமதம் வேண்டாம்.

ஆனால் அந்த முடிவில் வைரஸின் பெயரைப் பாருங்கள். இரண்டு மருந்துமே சயர் வகை எபோலாவுக்கு மட்டும்தான். 2025-இல் காங்கோவின் கசாய் மாகாணத்தில் உள்ள புலாபேயில் பரவியது சயர், அதற்கு இவை பயன்படும். அதே ஆண்டு உகாண்டாவில் வந்தது சூடான் வகை, அதற்கு இவற்றைக் கொடுத்துப் பயனில்லை.

அப்புறம் எடை. இதைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், நோயாளி படுத்தபடுக்கையாக இருந்தாலும் ஒரு வழி செய்து எடை பாருங்கள். எபாங்கா கிலோவுக்கு 50 மில்லிகிராம், ஒரே தடவை. 60 கிலோ ஆளுக்கு 3000 மில்லிகிராம், ஒரு குப்பியில் 400, ஆக எட்டுக் குப்பி எடுத்தாக வேண்டும். இன்மாசெப் கிலோவுக்கு 3 மில்லி, அதே ஆளுக்கு 180 மில்லி. கணக்கை இன்னொருவர் தனியாகப் போட்டு ஒத்துப்பார்க்கட்டும். எபாங்கா தூளாக வரும், ஊசித் தண்ணீர் விட்டபின் குலுக்கக் கூடாது, மெதுவாகச் சுழற்றிக் கரைக்க வேண்டும், நுரை வந்தால் புரதம் கெடும். குப்பிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவிடக் கூடாது. சொட்டுக் குழாயில் ஃபில்டர் இருக்கிறதா என்று பாருங்கள், அதே குழாயில் வேறு மருந்தைக் கலக்காதீர்கள்.

இனி நான் மிக முக்கியம் என்று நினைப்பது. டிரிப் ஓடும்போது ஒவ்வாமை வந்தால் காய்ச்சல், குளிர் நடுக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குவது, நெஞ்சு படபடப்பு, வேகமான மூச்சு என்று வரும். எபோலாவும் இதையேதான் செய்யும். ஆகவே பையை மாட்டுவதற்குச் சற்று முன் காய்ச்சல், நாடி, அழுத்தம், மூச்சு, ஆக்ஸிஜன் எல்லாவற்றையும் எழுதி வைக்காவிட்டால், அரை மணி கழித்து அழுத்தம் 80-க்கு வந்து நிற்கும்போது அது மருந்தாலா நோயாலா என்று உங்களால் சொல்லவே முடியாது. நடுக்கம் போல லேசாக இருந்தால் வேகத்தைக் குறையுங்கள் அல்லது சற்று நிறுத்துங்கள். மூச்சு முட்டினால், முகம் வீங்கினால், அழுத்தம் சரிந்தால் உடனே நிறுத்தி அட்ரினலின் கொடுக்க வேண்டும், அது கைக்கெட்டும் தூரத்தில் முன்பே இருக்க வேண்டும், ஏனென்றால் பாதுகாப்பு உடையோடு ஓடிப்போய் எடுத்துவர முடியாது.

உடை என்றதும் நேரக் கணக்கு வருகிறது. எபாங்கா சுமார் ஒரு மணி நேரம் ஓடும், இன்மாசெப் எடையைப் பொறுத்து இரண்டு முதல் நான்கு மணி. அந்த வெயிலில் முழு உடையோடு ஒரு மணிக்கு மேல் நிற்பது கடினம், சரி, அப்படியென்றால் அடுத்து உள்ளே வருபவர் யார் என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்து, நோயாளியை யாரும் பார்க்காத பத்து நிமிடம்கூட இல்லாதபடி மாறுங்கள். வெளியிலிருந்தே கையை உள்ளே விட்டு நோயாளியைக் கவனிக்கும் கியூப் அறை இருந்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

டிரிப் ஏறிவிட்டது என்று மற்றதை விட்டுவிடாதீர்கள். நீர்ச்சத்து, பொட்டாசியம், சர்க்கரை, மலேரியா பரிசோதனை எல்லாம் தொடர வேண்டும்.

தாய் பாலூட்டக் கூடாது, தொற்று பாலில் போகும். தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கும் இந்த மருந்து கொடுக்கலாம். எபோலா தடுப்பூசி உயிருள்ள வைரஸால் ஆனது, இந்த ஆன்டிபாடி அதன் வேலையைக் கெடுக்கலாம், அதனால் டிரிப் கொடுத்த தேதியை நோயாளியின் அட்டையில் எழுதிக் கொடுங்கள். வைரஸ் போய்விட்டதா என்பதைப் பிசிஆரில்தான் பார்க்க வேண்டும், ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கும் சோதனை நாம் ஏற்றிய மருந்தையே காட்டிவிடும்.