கரிசல் காட்டு ஓட்டமும் கருப்பட்டி எள்ளுருண்டையும்

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில், விடியற்காலை வண்டிப்பாதையில் ஒருவர் காலணி மாட்டிக்கொண்டு ஓடினால், தூக்குவாளியோடு எதிரே வரும் பெரியவர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன தம்பி, யாரு வெரட்டுறா?" என்பதுதான். பால், தயிர், நெய், தேன் எதுவும் தொடுவதில்லை என்று தெரிந்துவிட்டால், "அப்புறம் தெம்பு எங்கிருந்து வரும்?" என்று இன்னொரு கேள்வியும் வரும். முதல் கேள்விக்குச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். இரண்டாவது கேள்விக்கு விடை அவர் வீட்டு அடுக்குப்பானையிலேயே இருக்கிறது. எள்ளுருண்டை, கடலை மிட்டாய், பொரிவிளங்காய் உருண்டை, பனங்கிழங்கு, பானகம் என்று இந்த வட்டாரத்துத் தின்பண்டங்களில் பாதிக்கு மேல் பிறப்பிலேயே நனிசைவம்தான். வீகன் என்ற சொல் இங்கு வந்து சேர்வதற்கு வெகுகாலம் முன்பே அவை அப்படித்தான் இருந்தன. ஆகவே பண்டம் கிடைக்குமா என்பது இங்கே பிரச்சினையே அல்ல. எந்தப் பண்டத்தை எந்த நேரத்தில் எத்தனை தின்பது, அதைக் காட்டு வேலையோடும் ஓட்டத்தோடும் எப்படிப் பொருத்துவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

முதலில் பாதையைச் சொல்லிவிட வேண்டும். கரிசல் மண் இரண்டு குணம் கொண்டது. ஐப்பசி, கார்த்திகையில் மழை விழுந்ததும் அது பசையாகிவிடும். நூறு அடி ஓடுவதற்குள் ஒவ்வொரு காலணியிலும் அரைக்கிலோ மண் அப்பிக்கொண்டு, நடப்பதே பெரும்பாடாகிவிடும். பங்குனி, சித்திரையில் அதே மண் பாளம் பாளமாக வெடித்து, கணுக்கால் வரை உள்ளே போகும் அளவுக்கு வாய் பிளந்து கிடக்கும். ஒரு சித்திரை மாதத்தில், வெடிப்பின் மேல் காய்ந்த சோளத்தட்டை மூடியிருந்ததைக் கவனிக்காமல் கால் வைத்து, மூன்று வாரம் நொண்டிக்கொண்டு திரிந்தேன். அதற்குப் பிறகு என் கணக்கு எளிதாகிவிட்டது: மழைக்காலத்தில் சரள் கொட்டிய கண்மாய்க்கரை, கோடையில் ஆடு மாடு நடந்து நடந்து இறுகிப்போன வண்டிப்பாதை, தை, மாசியில் மட்டும் அறுவடை முடிந்த காட்டுக்குள் குறுக்கு ஓட்டம்.

சீமைக்கருவேல முள் சாதாரண ஓட்டக் காலணியின் அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். அடி சற்றுக் கெட்டியாக இருக்கும் காலணியே இந்தப் பக்கத்துக்கு ஏற்றது. வீடு திரும்பியதும் அடிப்பாகத்தைக் கையால் தடவிப் பார்த்து, புதைந்திருக்கும் முள்ளைப் பிடுங்கிவிடுவது நல்லது. இருட்டோடு கிளம்பாமல், தரை கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் வந்த பிறகு கிளம்ப வேண்டும். பாம்பு ஒரு காரணம். மற்றொரு காரணம், காட்டுப்பன்றிக்குப் பயந்து மக்காச்சோளக் காட்டைச் சுற்றிச் சிலர் சட்டவிரோதமாக இழுத்துக் கட்டும் மின்கம்பி. அறிமுகமில்லாத காட்டுக்குள் இருட்டில் குறுக்கே புகுவது ஒருபோதும் கூடாது. பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் மருந்து அடித்திருக்கும் நாட்களில் அந்தப் பக்கமே போகாமல் வேறு பாதையில் ஓட வேண்டும். ஓடும்போது மூச்சு ஆழமாக இழுப்பதால் மருந்து நெடி உள்ளே அதிகம் போகும். குருமலை போன்ற காப்புக்காடுகளைப் பார்த்தால் ஓட ஆசை வரும்தான். ஆனால் வனத்துறையின் அனுமதி இல்லாமல் உள்ளே நுழையக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் உயிரிழந்ததை இந்த மாவட்டங்களில் யாரும் மறந்திருக்க முடியாது.

இனி உணவுக்கு வருவோம். சமதரையில் ஓடும்போது, ஒரு கிலோமீட்டருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும் என்பது ஓட்டக்காரர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் 300 கலோரி. மேடு பள்ளமான பாதையில் இன்னும் சற்றுக் கூடும். இப்போது எள்ளுருண்டையை எடுத்துக்கொள்வோம். 200 கிராம் எள்ளும் 125 கிராம் கருப்பட்டியும் சேர்த்து 16 உருண்டை பிடித்தால், ஒவ்வொன்றும் 20 கிராம் எடையும் சுமார் 100 கலோரியும் கொண்டதாக இருக்கும். அதாவது மூன்று உருண்டை தின்றால், மூச்சு வாங்க ஓடிய 5 கிலோமீட்டரும் அதற்கே சரியாகிவிடும். "சத்துள்ள பண்டந்தானே" என்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தின்பவர்கள், ஆறு மாதம் ஓடியும் தொப்பை குறையவில்லையே என்று வருந்துவதற்குக் காரணம் இதுதான். கருப்பட்டியும் கலோரிக் கணக்கில் சீனியின் பங்காளிதான். அதில் மணமும் கொஞ்சம் தாதுப்பும் உண்டு; சர்க்கரை நோயாளிக்கு அது எந்தச் சலுகையும் தராது.

ஓட்டத்துக்கு முன், ஓடும்போது, ஓடிய பின் என்று மூன்று வேளைக்கும் பண்டம் வேறு வேறு. ஒரு மணி நேரத்துக்குக் குறைவான ஓட்டத்துக்கு முன்னால் எதுவும் தின்ன வேண்டியதில்லை. வெறும் வயிற்றில் தலை சுற்றுபவர்கள் பாதி வாழைப்பழமோ இரண்டு பேரீச்சம்பழமோ தின்று கால்மணி நேரம் கழித்துக் கிளம்பலாம். எள்ளுருண்டையும் கடலை மிட்டாயும் இந்த வேளைக்கு ஆகாது. எள்ளிலும் கடலையிலும் ஏறத்தாழ பாதி எடை எண்ணெய்தான். அது வயிற்றில் மெதுவாகச் செரிக்கும், ஓடும்போது உள்ளே குலுங்கி நெஞ்சைக் கரிக்கும். பாதி வழியில் விலா பிடித்துக்கொண்டு கண்மாய் மடையில் உட்கார்ந்த ஒரு காலைக்குப் பிறகுதான் நானும் இதை ஏற்றுக்கொண்டேன்.

ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் நீண்ட ஓட்டத்துக்குப் போகும்போது, மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உடலுக்குத் தேவைப்படும். அதற்குக் கடையில் விற்கும் விலை உயர்ந்த இனிப்புப் பசைப் பொட்டலங்களை (எனர்ஜி ஜெல்) வாங்க வேண்டியதில்லை. அரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, ஓர் எலுமிச்சையைப் பிழிந்து, இரண்டு சிட்டிகை உப்பும் ஒரு சிட்டிகை சுக்குப்பொடியும் போட்டால் பானகம் தயார். திருவிழாவில் கொடுப்பதைவிட இனிப்புக் குறைவாகவும் உப்புச் சற்றுத் தூக்கலாகவும் இருக்க வேண்டும் என்பது மட்டுமே வேறுபாடு. வடிகட்டாமல் குடித்துவிடக் கூடாது. கருப்பட்டியில் மணலும் தூசியும் இருக்கும். பனங்காட்டு வழியாக ஓடுபவர்களுக்குத் தை முதல் கோடை வரை பதநீர் கிடைத்தால் அது தனி யோகம். ஆனால் இறக்கிய சூட்டோடு குடித்தால்தான் பதநீர், வெயில் ஏறினால் அது புளித்து வேறொன்றாகிவிடும்.

ஓடி முடித்து அரைமணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் வரும் பசிதான் உருண்டைக்குரிய நேரம். எள்ளில் கால்சியமும், நிலக்கடலையில் நூறு கிராமுக்குச் சுமார் 25 கிராம் புரதமும் இருக்கின்றன. பாலைத் தவிர்ப்பவர்களுக்கு இவை இரண்டும் கைகொடுக்கும். ஒரு கிண்ணம் அவித்த பாசிப்பயறோ தட்டாம்பயறுச் சுண்டலோ சாப்பிட்டுவிட்டு, கடைசியில் ஓர் உருண்டை என்று வைத்துக்கொண்டால், பசி உருண்டையின் மேல் பாயாது. இந்த ஒரு பழக்கம் மட்டும் படிந்துவிட்டால் எண்ணிக்கை தானாகக் கட்டுக்குள் நிற்கும்.

எள்ளுருண்டை செய்வதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நெய் உள்ளே நுழையும் இடம் அதுதான். கறுப்பெள்ளைக் கழுவி, கல் அரித்து, வெயிலில் நன்றாக உலர்த்திக்கொள்ள வேண்டும். கனமான இரும்புச் சட்டியில், அடங்கிய தீயில், கைவிடாமல் வறுக்க வேண்டும். முதலில் ஒன்றிரண்டாகவும் பிறகு சடசடவென்றும் எள் பொரியும். அந்தச் சத்தம் ஓயத் தொடங்கும்போதே இறக்கிவிட வேண்டும், ஒரு நிமிடம் தாமதித்தாலும் கசக்கும். சூடு முழுவதும் ஆறும் முன்பே உரலில் போட்டு இடித்து, பாதி நொறுங்கியதும் தட்டிய கருப்பட்டியைச் சேர்த்து மீண்டும் இடிக்க வேண்டும். பத்து நிமிடத்தில் எள் தன் எண்ணெயைத் தானே விட்டு, மாவு பளபளவென்று உலக்கையில் ஒட்டத் தொடங்கும். இதற்குப் பாகு காய்ச்ச வேண்டியதில்லை, நெய்யும் தேவையில்லை. என் அத்தை பக்கத்தில் இருந்து, "ஒரு சொட்டு நெய் விட்டாத்தான்டா பிடிக்க வரும்" என்று இன்றும் சொல்லுவார். பிடிக்க வராததற்குக் காரணம் நெய் இல்லாததல்ல, இடி போதாததுதான். மிக்சியில் அரைப்பவர்கள் விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். தொடர்ந்து சுற்றினால் எண்ணெய் மொத்தமாகப் பிரிந்து குழம்பாகிவிடும்.

கடலை மிட்டாயை வீட்டில் செய்ய இந்த ஊரில் யாரும் மெனக்கெடுவதில்லை, மெனக்கெடவும் வேண்டாம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடலையும் வெல்லப்பாகும்தான் அதன் உடல். வாங்கும்போது பொட்டலத்தின் பின்புறம் நெய் என்றோ பால்பொடி என்றோ எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். கசப்படிக்கும் கடலை ஒன்று வாயில் பட்டாலும் விழுங்காமல் துப்பிவிட வேண்டும். பூஞ்சை பிடித்த கடலையில் நஞ்சு இருக்கக்கூடும். இந்த வட்டாரத்தில் நனிசைவருக்குச் சோதனை இரு திசையிலிருந்து வரும். வடமேற்கே திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா, வடக்கே சாத்தூர்ச் சேவு. பால்கோவாவுக்கு மாற்று எதுவும் கிடையாது என்பதே என் கருத்து. தேங்காய்ப்பாலில் செய்து அதே பெயரைச் சூட்டுவது இரண்டு பண்டத்துக்கும் அவமானம். சேவில் பால் இல்லைதான், ஆனால் அது எண்ணெயில் குளித்தெழுந்தது. நனிசைவம் என்பதாலேயே ஒன்று ஓட்டக்காரருக்கு உகந்ததாகிவிடாது.

பொரிவிளங்காய் உருண்டை பையில் போட்டுக்கொண்டு போவதற்கென்றே பிறந்தது போல உருகாது, நொறுங்காது, நாள்பட இருக்கும். வறுத்த அரிசியும் பாசிப்பயறும் கடலையும் சுக்கும் வெல்லப்பாகில் சேர்வது. ஓடிக்கொண்டே கடித்தால் பல் போய்விடும் என்பதால், நின்று இளைப்பாறும் இடத்தில் வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும். மெக்சிகோவின் சிவாவா மலைகளில் நெடுந்தூரம் ஓடுவதற்குப் பேர்போன ராராமுரி மக்களும் வறுத்து அரைத்த மக்காச்சோள மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் ஓடுகிறார்கள். இங்கோ காடு காடாக விளையும் மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்கு லாரி ஏறிவிடுகிறது. நமக்குக் கம்பு இருக்கிறது. கம்பை வறுத்து அரைத்து, தேங்காய்த் துருவலும் கருப்பட்டியும் சேர்த்துப் பிடிக்கும் உருண்டை அருமையானது. ஆனால் கம்பு மாவு சில நாட்களிலேயே காறல் வாடை அடிக்கத் தொடங்கும். ஒரு வாரத்துக்கு வேண்டியதற்கு மேல் அரைத்து வைக்கக் கூடாது. கம்மங்கூழைப் பொறுத்தவரை, மோருக்குப் பதில் நீராகாரத்தை ஊற்றிச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டால் புளிப்புக்குக் குறைவிருக்காது.

நீராகாரத்தில் எல்லாச் சத்தும் இருக்கிறது என்று நம்பி ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. வைட்டமின் பி12 தாவர உணவில் நம்பத்தகுந்த அளவில் கிடைக்காது. பாலையும் விட்டுவிட்டவர்கள் மருத்துவரிடம் கேட்டு அதற்கான மாத்திரையை எடுத்துக்கொள்வதே சரி. கை கால் மரத்துப்போவதும், காரணமில்லாத சோர்வும் வந்த பிறகு விழித்துக்கொள்வது தாமதம். இரும்புச்சத்தைப் பொறுத்தவரை, கம்பும் கீரையும் பயறும் சாப்பிடும் வேளையில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டு, தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தால் உடலில் நன்றாகச் சேரும். எப்படியும் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் பால் தேநீர் நீட்டுவார்கள். "எனக்குக் கருப்பட்டிக் காப்பி போடுங்க மதினி" என்று உரிமையோடு கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. வேண்டாம் என்று மறுத்தால்தான் மனத்தாங்கல்.

நனிசைவ உணவோடு நெடுந்தூரம் ஓட முடியுமா என்று ஐயப்படுபவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். நனிசைவராக அறியப்படும் அமெரிக்க ஓட்டக்காரர் ஸ்காட் ஜூரெக், கலிபோர்னியாவில் நடக்கும் 100 மைல் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் மலைப்பாதை ஓட்டத்தை 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை வென்றார். நாம் ஓடப்போவது கண்மாயிலிருந்து ஊர் எல்லை வரை.

வாரத்தை எப்படிப் பிரிப்பது என்பது காட்டு வேலையைப் பொறுத்தது. களையெடுப்பும் அறுவடையும் நடக்கும் நாட்களில், குனிந்து நிமிர்ந்து எட்டு மணி நேரம் உழைத்த இடுப்பை மறுநாள் காலை 10 கிலோமீட்டர் ஓடச் சொல்வது வீண் வீம்பு. அந்த வாரங்களில் 3 கிலோமீட்டர் மெதுவோட்டம் இரண்டு நாள் போதும். பண்டத்தைக் குறைக்கவும் வேண்டாம், ஏனென்றால் உழைப்பு ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. வேலை ஓய்ந்த மாதங்களில் இரண்டு நாள் 5 கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் 10 அல்லது 12 கிலோமீட்டர் என்று கொண்டுபோகலாம். அப்போதுதான் கவனம் தேவை, காட்டு வேலை நின்றிருக்கும், உருண்டை டப்பா மட்டும் நிரம்பியே இருக்கும்.

என் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை 16 உருண்டை பிடித்து எவர்சில்வர் டப்பாவில் போடுகிறோம். ஓடும் மூன்று நாளும் எனக்கு இரண்டிரண்டு, ஓடாத நாட்களில் ஒன்று. மீதி ஆறும் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு. எறும்புக்காக டப்பாவைத் தண்ணீர்த் தட்டில்தான் வைக்கிறோம். எறும்பு இன்றுவரை ஏறியதில்லை; ஆனாலும் புதன்கிழமை எண்ணிப் பார்க்கும்போது கணக்கில் எப்போதும் ஒன்று குறைகிறது, கேட்டால் அத்தை தனக்கு எள்ளே ஆகாது என்கிறார்.